ஃபேக்டரி வாசலில் உட்கார்ந்தது யார்?

1

என் அண்ணன் சேகர் ஏழுமலையிடமிருந்து லாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். ஏழுமலை வண்டியை எங்கும் இடிக்கவில்லை. டீசல் திருடவில்லை. குடித்துவிட்டு வரவில்லை. ஒரு கேள்வி கேட்டார். அதற்கு அண்ணனிடம் பதில் இல்லை. அதனால் சாவி போனது.

செம்பாக்கத்துக் குடியிருப்புக்காரர்களுக்காக வரும் இந்தச் சிறு பத்திரிகையில், மெல்போர்னிலிருந்து நான் இதுவரை எழுதியது குளிரைப் பற்றி, முருங்கைக்காய் விலையைப் பற்றி, ரயிலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வருவதைப் பற்றி. படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இந்த முறை நன்றாக இருக்காது. அண்ணனும் இதைப் படிப்பார். கடைசிப் பக்கத்தில் எங்கள் கம்பெனி விளம்பரம் மாதாமாதம் வருகிறது. அது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்காமல் இருக்க மாட்டார்.

முடிச்சூரில் யார்டு. ஆறு லாரி. பெயருக்குப் பின்னால் பிரைவேட் லிமிடெட். டைரக்டர்கள் மூன்று பேர்: அண்ணன், அண்ணி உமா, நான். ஏழுமலை எங்கள் மூத்த டிரைவர், அனகாபுத்தூர்க்காரர். நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்களிடம் சேர்ந்தார். எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. இன்னும் என்னைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்.

2

ஆயுத பூஜை அன்று அண்ணி வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே காலை, இங்கே பிற்பகல். நான் வேலை செய்வதும் ஒரு லாரிக் கம்பெனியில்தான். எந்த வண்டி எங்கே போக வேண்டும், எங்கே நிற்கிறது என்று பார்க்கும் டிஸ்பாட்ச் வேலை. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வெளியே வந்து கன்டெய்னர்களுக்கு நடுவே நின்றுகொண்டேன். காற்று ஆளைத் தள்ளியது.

ஃபோனில் முடிச்சூர் யார்டு. ஆறு வண்டிக்கும் வாழைக்கன்று, சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். எங்கள் ஆடிட்டர் பட்டு வேட்டியில் வந்திருந்தார். அண்ணன் டிரைவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கவரும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்தார். எல்லாம் முடிந்ததும் ஆடிட்டர் சுண்டலை மென்றபடி சொன்னார்:

“சேகர், இந்த வருஷம் சிட்டிங் ஃபீஸைக் கொஞ்சம் ஏத்திடலாம். டர்ன்ஓவர் நல்லாத்தானே இருக்கு.”

பொரித் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்த ஏழுமலை திரும்பினார்.

“ரொம்ப சந்தோசம் சார். எந்த மாசத்திலேர்ந்து?”

“எது எந்த மாசத்திலேர்ந்து?” என்றார் அண்ணன்.

“அதான் சார், சிட்டிங் பீஸு. இத்தினி நாளா நமக்கு அது வர்லியே.”

அண்ணன் சிரித்தார். “உனக்கு எதுக்குய்யா சிட்டிங் ஃபீஸ்?”

“இன்னா சார் இப்டி கேக்கறீங்க? ஒரகடத்துல பேக்டரி கேட்டாண்ட நாள் பூரா குந்திகினு கீறது நான்தானே?”

ஒரே சிரிப்பு. அண்ணி சிரித்த சிரிப்பில் ஃபோன் ஆடியது. எனக்கு வானம் தெரிந்தது, பிறகு பூசணிக்காய், பிறகு யாருடைய செருப்போ.

ஆடிட்டர் நல்ல மனிதர். பொறுமையாக விளக்கினார். “ஏழுமலை, அது டைரக்டர்களுக்கு. போர்டு மீட்டிங்ல வந்து உக்கார்றாங்க இல்ல, அதுக்குக் கம்பெனி குடுக்கற காசு.”

“எந்த போர்டு சார்?” என்றார் ஏழுமலை. “கேட்டாண்ட ஒரு போர்டு கீது. ‘வண்டிகளை இங்கே நிறுத்தவும்’னு எழுதிக் கீது. அதுக்குக் கீயதான் சார் நான் குந்திகினு கீறேன்.”

இந்த முறை சிரித்தது டிரைவர்கள். அண்ணன் சிரிக்கவில்லை. ஃபோன் நேரானபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அண்ணி, “சரி, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் விஜயதசமி. வண்டிகள் கிளம்பும் நேரத்தில் அண்ணன் ஏழுமலையின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் சொன்னாராம்:

“நீ கொஞ்ச நாள் வீட்ல உக்காரு. சிட்டிங் ஃபீஸ் அனுப்பி வைக்கிறேன்.”

3

லாரித் தொழிலில் இல்லாதவர்களுக்காக இதை விளக்கமாகச் சொல்கிறேன். சிரித்தவர்களும் படிக்கட்டும்.

எங்கள் டிரைவருக்கு மாதச் சம்பளம் உண்டு. அது குறைவு. வீடு ஓடுவது பேட்டாவில்தான். ஒரு டிரிப் அடித்தால் ஒரு பேட்டா. ஒரகடத்தில் ஒரு பெரிய ஃபேக்டரிக்குப் பார்ட்ஸ் கொண்டுபோகிறோம். உள்ளே இடம் காலியாகும்வரை வண்டி வாசலில் நிற்க வேண்டும். சில நாள் காலையில் போன வண்டி இருட்டும்வரை நிற்கும். அன்றைக்கு இரண்டாவது டிரிப் கிடையாது, இரண்டாவது பேட்டாவும் கிடையாது. டிரைவர் வண்டியை விட்டு நகர முடியாது. வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் பின்னால் நிற்கும் வண்டிக்காரனிடம் சொல்லிவிட்டு ஓட வேண்டும்.

இப்படி வண்டியை நிறுத்தி வைத்ததற்கு ஃபேக்டரி எங்கள் கம்பெனிக்குக் காசு தருகிறது. அதற்கு ஹால்டிங் என்று பெயர். பில் போடுகிறோம், வருகிறது. கம்பெனிக்கு வருகிறது, டிரைவருக்குப் போவதில்லை. வண்டி நின்றால் டிரைவருக்கு நஷ்டம், எங்களுக்கு வரவு.

இனி ஓனர் வீட்டுப் பக்கம். அப்பா ஒற்றை லாரி வைத்திருந்தபோது கணக்கு சுலபம். டிராயரில் இருப்பது அவருடையது. ஒரகடம் ஃபேக்டரி, கம்பெனியாக இருந்தால்தான் கான்டிராக்ட் என்றது. அண்ணன் பிரைவேட் லிமிடெட் ஆக்கினார். “டைரக்டரா? சினிமா எடுக்கப் போறியாடா?” என்று அப்பா கேட்டார். கம்பெனி ஆன பிறகு டிராயரில் கை வைக்க முடியாது. எடுப்பதற்கெல்லாம் ஒரு பெயர் வேண்டும். ஆடிட்டர் பெயர்கள் கொடுத்தார். அண்ணனுக்கு மேனேஜிங் டைரக்டர் சம்பளம். யார்டு மனை அண்ணி பெயரில் இருப்பதால் அவளுக்கு வாடகை. மூன்று பேருக்கும் சிட்டிங் ஃபீஸ். எதுவும் சட்டத்துக்கு விரோதமில்லை. இதைப் படித்துவிட்டு ஆடிட்டர் என்மேல் கோபப்பட வேண்டாம்.

அப்பா காலத்தில் வண்டி நின்றால் டிரைவருக்கும் ஒரு பங்கு போனது. அப்பா தர்மவான் என்று சொல்ல வரவில்லை. கொடுக்காவிட்டால் டிரைவர் வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டு சினிமாவுக்குப் போய்விடுவார் என்ற பயம். அந்தப் பயம் இப்போது இல்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஜி.பி.எஸ். இருக்கிறது, வாசலில் கேமரா இருக்கிறது. பயம் போனதும் பங்கும் போனது.

4

மெல்போர்னில் என் வேலையில் பாதி இதுதான். டிரைவர் கிடங்கு வாசலுக்குப் போனதும் எனக்குத் தகவல் வரும். நான் நேரத்தைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும். கொஞ்ச நேரம் இலவசம். அதற்குமேல் நின்றால் கிடங்குக்காரனுக்கு பில். டிரைவருக்கும் மணிக்கூலி ஓடிக்கொண்டே இருக்கும், அவர் தூங்கினாலும் சரி, சாண்ட்விச் சாப்பிட்டாலும் சரி.

இவர்கள் நியாயவான்கள் என்று நினைத்துவிட வேண்டாம். என் மேனேஜர் கால் மணி நேரத்துக்குக்கூட டிரைவர்களோடு மல்லுக்கட்டுவார். ஆனால் உட்கார்ந்தது வண்டியா ஆளா என்று இதுவரை அவர் கேட்டதில்லை. வண்டி தானாக உட்காராது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சேர்ந்த புதிதில் ஒரு கிடங்குக்காரிக்கு ஃபோன் செய்து, “எங்கள் டிரைவர் காலையிலிருந்து உங்கள் வாசலில் ஹால்டிங்” என்று சொன்னேன், ஆங்கிலத்தில்தான். அவள் பதறிப்போய், “ஐயோ, காலில் அடிபட்டுவிட்டதா? டாக்டரைக் கூப்பிடட்டுமா?” என்றாள். அந்த வார்த்தைக்கு நொண்டுவது என்று ஒரு அர்த்தம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. தாம்பரம் ஆங்கிலம் தாம்பரத்தில்தான் செல்லும். ஆபீஸில் கொஞ்ச நாள் என்னை வைத்துச் சிரித்தார்கள். வார்த்தை தப்பாகப் புரிந்ததற்காக யாரும் என் சீட்டைப் பிடுங்கவில்லை.

என் மகன் கவின் இங்கேயே பிறந்தவன், பதினாறு வயது. சனி ஞாயிறு பர்கர் கடையில் வேலை. சாவி போன கதையை அவனிடம் சொன்னேன். நன்றாகத்தான் கேட்டான்.

“அம்மா, கடையில கஸ்டமரே வரலைன்னாலும் எனக்கு காசு தர்றாங்க. அவருக்கு ஏன் தரலை?”

“அதத்தான் கேக்கறேன்.”

“யார்கிட்ட? இது உங்க கம்பெனிதானே?”

“நம்ம கம்பெனிடா.”

“இல்ல, உங்க கம்பெனி. உங்க அண்ணன், உங்க டிரைவர்.” தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

கவினுக்குத் தமிழ் தெரியும். ‘நம்ம’ என்ற சொல்லும் தெரியும். தெரிந்துதான் ‘உங்க’ என்கிறான். ‘நமக்கு சிட்டிங் பீஸு வர்லியே’ என்றவர் அனகாபுத்தூரில் இருக்கிறார். எங்கள் கம்பெனியை ‘நம்ம’ என்று சொல்ல என்னைத் தவிர மிச்சமிருந்த ஒரே ஆளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

5

நான் எப்படி உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் டைரக்டர் என்றால் காகிதத் தொல்லை அதிகம். கையெழுத்தை கம்ப்யூட்டரில் போட ஒரு சான்று வேண்டும். அதற்குக் கேமரா முன்னால் உட்கார்ந்து பெயர் சொல்ல வேண்டும். பான் கார்டில் என் பெயரோடு அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். “மேடம், இந்த ரெண்டு பேரும் நீங்கதானா?” என்று கேட்டான் ஒருவன். ஆமாம் என்றேன். நிரூபிக்கச் சொன்னான். அதற்கு ஒரு நோட்டரி, அந்த நோட்டரி நோட்டரிதான் என்பதற்கு இன்னொரு முத்திரை. போன வருஷம் கம்பெனிக்காக நான் உண்மையாக உட்கார்ந்தது அந்தக் கேமரா முன்னால்தான்.

போர்டு மீட்டிங் எப்படி நடக்கும் தெரியுமா? அண்ணி தோசை ஊற்றிக்கொண்டே ஃபோனை மிக்ஸி மேல் சாய்த்து வைப்பாள். அண்ணன் தட்டோடு வந்து எட்டிப் பார்ப்பார்.

“அனுப்பினது பாத்தியா?”

“பாத்தேன்.”

“ஓகேவா?”

“ஓகே.”

“சரி, குளிர் எப்படி இருக்கு?”

அவ்வளவுதான். தோசை திருப்புவதற்குள் முடிந்துவிடும். நானும் அண்ணியும் நின்றுகொண்டுதான் இருப்போம். இதற்குப் பெயர்தான் சிட்டிங் ஃபீஸ்.

ஏழுமலை ஆங்கிலம் தெரியாமல் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று எல்லோரும் சிரித்தார்கள். அந்த இரண்டு வார்த்தைகளை எங்கள் கம்பெனியில் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

6

அண்ணனுக்கு ஃபோன் செய்தேன்.

“ஏண்ணா சாவிய வாங்கின?”

“நாலு பேர் முன்னாடி என்னை நக்கல் பண்றான். பாத்துகிட்டு இருக்கச் சொல்றியா?”

“கேட்டதுல என்ன தப்பு?”

“ஹால்டிங் வண்டிக்குத்தான்டி, ஆளுக்கு இல்ல. வண்டி நின்னா இ.எம்.ஐ. நிக்குமா? இன்ஷூரன்ஸ் நிக்குமா? டயர் யார் வாங்கறது?”

அதில் நியாயம் இருக்கிறது. ஆறில் நான்கு வண்டி கடனில் ஓடுகிறது. அண்ணன் ஒன்றும் பணத்தில் புரளவில்லை. “சரி, அப்போ பாதி குடு. பாதி வண்டிக்கு, பாதி ஆளுக்கு” என்றேன்.

“ஒருத்தனுக்குக் குடுத்தா ஆறு பேரும் கேப்பான்.”

“ஆறு பேரும்தானே உக்கார்றாங்க?”

“நீ அங்க உக்காந்துகிட்டு இங்க பேசாத. அவன் யார்டுல எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கட்டும். சாவி குடுக்கறேன். விசுவாசம்னு ஒண்ணு இருக்கு.”

விசுவாசம் என்றதும் எனக்கு ரத்தம் கொதித்தது. 2015 வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியபோது பேட்டரியையும் டயரையும் கழற்றி மேலே ஏற்றி, அவற்றுக்குக் காவலாக ஏழுமலை கேபின் கூரைமேல் ஏறி உட்கார்ந்தார். படகு வந்து கூப்பிட்டும் இறங்கவில்லை. “ஏழுமலை வண்டி மேலயே உக்காந்திருக்கான்டி, எறங்க மாட்டேங்கறான்” என்று அண்ணன்தான் எனக்குப் பெருமையாகச் சொன்னார். அன்றைக்கு உட்கார்ந்ததற்குப் பெருமை கொடுத்தார். அதையும் இப்போது திருப்பி வாங்கிக்கொண்டார்.

பிறகு ஏழுமலைக்கு ஃபோன் செய்தேன். அவர் மனைவி எடுத்து, “குந்திகினுதான் கீது. இந்தா பேசு” என்று அவரிடம் கொடுத்தார்.

“பாப்பா, நல்லா கீறியா? புள்ள எப்டி கீறான்?”

“நல்லா இருக்கான். அண்ணா, நெஜமா சொல்லுங்க, வெளையாட்டுக்குத்தான் கேட்டீங்களா?”

“சாமி சத்தியமா இல்ல பாப்பா. நெஜமாவே நமக்குத்தான்னு நெனச்சேன். ஆடிட்டர் சொல்லச்சொல்ல மனசுல கணக்கு போட்டுகினே இருந்தேன், வூட்டுக்குக் கூரை ஷீட்டு மாத்தலாம்னு.”

“அப்போ அந்த போர்டு வெஷயம்?”

சிரித்தார். “அதுவா? எல்லாம் சிர்ச்சாங்க இல்ல? அப்பால சும்மா உட்டேன் ஒண்ணு.”

வேறு வண்டிக்குப் போகலாமே என்றேன். போய்ப் பார்த்திருக்கிறார். ‘எதிர்த்துப் பேசற ஆளு’ என்று அண்ணன் மேற்குத் தாம்பரத்தில் ஓனர்களிடம் சொல்லி வைத்துவிட்டாராம். “இந்த வயசுல புச்சா எவன் பாப்பா வண்டி குடுப்பான்? வூட்ல கடைக்குப் பூ கட்டிக் குட்த்துகினு கீறா. அதுல ஓடுது.”

எனக்கு வந்த சிட்டிங் ஃபீஸை அனுப்புகிறேன் என்றேன். குரல் மாறிவிட்டது.

“வோணாம். நீ குடுத்தா தர்மம். கம்பெனி குடுத்தா கூலி. எனக்கு எது வோணும்னு உனக்குத் தெரியாதா?”

“அண்ணன் மன்னிப்பு கேக்கச் சொல்றாரே?”

“இன்னா தப்புக்கு? கேக்க மாட்டேன்னு சொல்லிடு. உங்க அண்ணன எனக்குப் புடிக்கும் பாப்பா. ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக் குட்த்ததே நான்தான். ஆனா கேக்க மாட்டேன்.”

வைப்பதற்கு முன் வண்டியைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“எவனோ புச்சா ஒர்த்தன் ஓட்றானாம். கிளட்ச்சு மேலயே கால வெச்சிகினு ஓட்றானாம். பேஜாராப் பூடும். எப்டியாவது போட்டும், எனக்கு இன்னா?” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஆபீஸ் நாற்காலியில் என்னால் ஒழுங்காக உட்கார முடியவில்லை. எழுந்து எழுந்து யார்டுக்குள் நடக்கிறேன். யாரோ ஒரு டிரைவர் வாசலுக்கு வந்துவிட்டேன் என்கிறான், நேரத்தைப் போடுகிறேன். அவனுக்கு மணி ஓட ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரகடம் வாசல்தான் கண்ணில் நிற்கிறது.

7

டைரக்டர் என்ற முறையில் போர்டு மீட்டிங் கேட்டேன். முதல் முறையாக முறைப்படி கேட்டேன். ஒரே தீர்மானம்: ஹால்டிங்கில் பாதி டிரைவருக்கு, ஏழுமலைக்கு வண்டி.

மீட்டிங் நடந்தது. தோசை இல்லை. அண்ணனும் அண்ணியும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நான் வேண்டாம்கறேன். உமாவும் வேண்டாம்கறா. ரெண்டுக்கு ஒண்ணு” என்றார் அண்ணன். “முடிஞ்சுதா?”

“அண்ணி, நீங்க சொல்லுங்க.”

அண்ணி குனிந்துகொண்டே, “அவரு சொல்றதுதான்” என்றாள்.

அந்த மீட்டிங்குக்கும் எனக்கு சிட்டிங் ஃபீஸ் வரும். அதை நான் வாங்கப் போவதில்லை. இனி எந்த மீட்டிங்குக்கும் வாங்கப் போவதில்லை. ஆனால் நான் வாங்காததால் ஏழுமலை கையில் சாவி வந்துவிடாது. போர்டில் தோற்றுவிட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அண்ணா, இனி உன்னிடம் நேராகவே பேசுகிறேன்.

நம் லாரி ஓனர்கள் சங்கம் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மேற்குத் தாம்பரத்தில் கூடுகிறது. நிர்வாகிகளோடு நீயும் மேடையில்தான் இருப்பாய். ஏழுமலையைப் பற்றி நீ யாரிடமெல்லாம் சொல்லி வைத்தாயோ அவர்கள் எல்லோரும் முன்னால் இருப்பார்கள். டிரைவர்கள் வெளியே டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களையும் உள்ளே கூப்பிடு. ஏழுமலை எல்லோர் முன்னாலும் மன்னிப்பு கேட்க வேண்டும் என்றாய். அவர் கேட்ட கேள்விக்கு நீ எல்லோர் முன்னாலும் பதில் சொல். எனக்கு ஃபோனில் சொல்லாதே, அண்ணியை விட்டுச் சொல்லாதே, ஆடிட்டரைக் கேட்டுச் சொல்லாதே. இ.எம்.ஐ.யைப் பற்றி அப்புறம் பேசலாம். கேள்வி ஒன்றுதான்: ஒரகடம் ஃபேக்டரி வாசலில் நாள் பூரா உட்கார்ந்தது நம் வண்டியா, ஏழுமலையா?

வண்டிதான் என்றால் அதையும் அந்த டிரைவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல். ஏழுமலைதான் என்றால் சாவியைச் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போ, அங்கேயே கொடு.

எதைச் சொன்னாலும் மேடை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லாதே. எழுந்து நின்று சொல்.